சந்தேகக்காரர் உட்கார வேண்டிய இடம்

மாடிப்படி ஏறும்போதே அண்ணனுக்கு வாசனை பிடிபட்டுவிட்டது. எரிந்த வாசனை இல்லை, எரிக்கப்போகிற வாசனை. காய்ந்த இலை, ஏதோ பிசின், கொஞ்சம் அடுப்புக்கரி. எரிந்துபோன கடைகளையும் கிடங்குகளையும் பார்த்து, தானாகப் பிடித்த தீயா, யாராவது பிடிக்க வைத்த தீயா என்று காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிக் கொடுப்பது அவர் வேலை. அலுவலகத்தில் அவருக்கு மோப்பம் என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அவரும் கோபித்துக்கொண்டதில்லை.

இரண்டாம் மாடியில் தங்கை வீட்டுக் கதவு விரியத் திறந்திருந்தது. அதுவே அவருக்குப் பிடிக்கவில்லை. ஒளிக்க எதுவுமில்லை என்று காட்டவே கதவைத் திறந்து வைக்கிறவர்களைத் தொழிலில் நிறையப் பார்த்திருக்கிறார்.

அவர் வந்தது தங்கையைக் கூட்டிப்போக. தன் ஊரில் ஒரு நல்ல மனநல விடுதியில் சொல்லி வைத்திருந்தார். மாலைக்குள் அங்கே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். தங்கை கணவரோடு தொலைபேசியில் இதைப் பேசியபோது அந்த மனிதர் மறுக்கவும் இல்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை. "ஞாயித்துக்கிழமை காலைல சின்னத்தை வர்றாங்க மச்சான். அது முடிஞ்சதும் உங்க முடிவு எதுவோ அது" என்று மட்டும் சொன்னார். அந்த 'அது' என்னவென்று கேட்டதற்கு, எங்கள் ஆட்கள் செய்கிற ஒரு முறை, உடம்பில் இல்லாத நோய்க்குச் செய்வது என்றார். அண்ணனுக்கு ஆத்திரம் வந்தது. அதை முடிப்பதற்குள் கூட்டிப்போய்விட வேண்டும் என்றுதான் விடியுமுன் வண்டியை எடுத்தார்.

தங்கை அவசர அழைப்பு மையத்தில் வேலை பார்ப்பவள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, யாராவது அலறிக்கொண்டு கூப்பிட்டால் பதறாமல் பதில் சொல்லி, தீயணைப்பு வண்டியையோ ஆம்புலன்ஸையோ அனுப்புகிற வேலை. இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு பெண் கூப்பிட்டாள். வீட்டுக்குக் கீழே மெத்தைக் கடை, அதில் தீ. மேலே தனியாக இருந்தாள். தங்கை அவளோடு கடைசிவரை பேசிக்கொண்டிருந்தாள். கடைசி என்றால் கடைசி. விசாரணை நடந்தது. பேச்சுப் பதிவைப் போட்டுக் கேட்டார்கள். எல்லாம் முறைப்படி நடந்திருக்கிறது, ஊழியர்மேல் எந்தத் தப்பும் இல்லை என்று முடித்தார்கள். மேலதிகாரி வீட்டுக்கே வந்து சொன்னார். கூட வேலை பார்ப்பவர்கள் பூங்கொத்து அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகுதான் அவள் பேச்சு குறைய ஆரம்பித்தது. முதலில் கேட்டதற்குப் பதில், பிறகு தலையாட்டல், பிறகு அதுவும் இல்லை. தூக்கம் சுத்தமாகப் போய்விட்டது. இல்லாத ஹெட்போனைப் பிடித்துக்கொள்வதுபோல் ஒரு கையை எப்போதும் காதருகே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அண்ணன் உள்ளே போனபோதும் அப்படித்தான் இருந்தாள். கூடத்தில் சோபாவை நகர்த்திச் சுவரோடு சேர்த்திருந்தார்கள். தொலைக்காட்சிமேல் ஒரு போர்வை. நடுவில் வெறுந்தரையில் அவள். அவரைப் பார்த்தாள். பார்வை அவர்மேல் நின்றது, அவ்வளவுதான்.

மாப்பிள்ளை சமையலறையிலிருந்து ஈரக்கையோடு வந்து "வாங்க மச்சான்" என்றார். ஆம்புலன்ஸ் ஓட்டுநர். இந்த ஊர் ஊராவதற்கு முன்பே ஆற்றங்கரையில் இருந்த பூர்வகுடியைச் சேர்ந்தவர். கல்யாணத்துக்கு அப்பா வரவில்லை. அண்ணன் வந்தார், சாப்பிட்டார், புகைப்படத்தில் ஓரமாக நின்றார். அதற்கு மேல் இருவருக்கும் நடுவில் பகையும் இல்லை, உறவும் இல்லை.

சின்னத்தை என்று சொல்லப்பட்டவரை அவர் வேறு மாதிரி கற்பனை செய்து வைத்திருந்தார். சடைமுடி, மணிமாலை, உருட்டும் கண். வந்திருந்தது ஐம்பது வயது தாண்டிய, கட்டையான, மூக்குக் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில் மேற்பார்வையாளர். காலில் ஓட்டப்பந்தயக்காரர்கள் போடுகிற காலணி. அதை வாசலில் கழற்றி வைக்காமல், பாலித்தீன் பையில் போட்டுக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே பேசினார். போன வாரம் வேறொரு வீட்டு வாசலில் நாய் தூக்கிப் போய்விட்டதாம். வேஷம் போட்டவர்களை அண்ணனுக்குக் கையாளத் தெரியும். வேஷமே போடாமல் வந்தவரிடம் எங்கே பிடிப்பது என்று தெரியவில்லை. சந்தேகம் இன்னும் ஒரு சுற்றுப் பெருத்தது.

சின்னத்தை உள்ளறைக்குப் போன சமயம் பார்த்து, செய்தித்தாளில் பரப்பியிருந்த இலைகளில் கொஞ்சம் எடுத்தார். எரிந்த இடங்களில் சாம்பல் அள்ளுவதற்கான சிறிய பைகள் எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கும். இலையை ஒன்றில் போட்டு மூடி, நிமிர்ந்தால் எதிரே சின்னத்தை.

"கொஞ்சமா எடுத்திருக்கீங்களே தம்பி. டெஸ்ட்டுக்குப் பத்துமா?" என்று கேட்டு, கை நிறைய அள்ளி நீட்டினார். கிண்டலா, மெய்யாகவா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. வாங்கிக்கொண்டார். வாங்காமல் விடுவது அதைவிட அசிங்கமாக இருந்திருக்கும்.

தங்கைக்கு மாத்திரை கொடுத்துவந்த மருத்துவரை அவர் முந்தின நாளே தொலைபேசியில் கூப்பிட்டிருந்தார். மாத்திரையை நிறுத்தக்கூடாது, ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும், மற்றபடி தனக்கு ஆட்சேபணை இல்லை என்று மருத்துவர் சொன்னது, கைகழுவிவிடுகிறவரின் பேச்சாகத்தான் அவருக்குப் பட்டது. அதனால் இப்போது சமையலறைக்குள் புகுந்து மாத்திரை டப்பாவைத் தேடினார். கிடைத்தது. அட்டையில் பாதி காலி. குப்பைக்கூடையையும் கிளறினார். உரித்துப்போட்ட மாத்திரை எதுவும் இல்லை. அது நிம்மதி தரவில்லை. மாத்திரையைத் தூக்கிப்போடக் கழிப்பறை என்று ஒன்று இருக்கிறதே.

"கிளம்பலாமா?" என்று தங்கையிடம் போய்க் கேட்டார். அவள் கையைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

மாப்பிள்ளைதான் பதில் சொன்னார். நீங்கள் இருந்தால்தான் இதைச் செய்ய முடியும், உங்களுக்காகத்தான் காத்திருந்தோம் என்றார். எதற்கு நான் என்று அண்ணன் கேட்டார். மாப்பிள்ளை சின்னத்தையைப் பார்த்தார். சின்னத்தை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, பேருந்தில் இடம் காட்டுவதுபோலத் தங்கைக்கு எதிரே விரித்திருந்த ஒரு துண்டைக் காட்டினார்.

"அது சந்தேகக்காரர் உட்கார்ற இடம். எங்க ஆளுங்கள்ல இதுக்கு ஒரு சந்தேகக்காரர் வேணும். வீட்டுல இருக்கறவங்க எல்லாரும் நம்பறவங்களா இருந்தா நாங்க செய்யறதில்ல."

எங்கள் ஆட்களில் யாரையாவது உட்கார வைக்கலாமே என்று இவனிடம் கேட்டேன், ஆனால் உங்கள் அளவுக்குச் சந்தேகப்படுகிறவர் யாரும் இல்லை என்கிறான் என்று சின்னத்தை சேர்த்துக்கொண்டார். மாப்பிள்ளையின் காது சிவந்தது.

இதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஏற்பாட்டை அண்ணன் பார்த்ததில்லை. குற்றம் சொல்ல வந்தவனுக்கே நாற்காலி போட்டு உட்கார வைத்து, அவன் வாயைக் கட்டுவது. ஒரு துணிக்கடை முதலாளி இப்படித்தான் சாம்பல் ஆறுவதற்கு முன்பே அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். அந்த அறிக்கையை அவர் எழுதியபிறகு முதலாளி கம்பி எண்ணினார். சரி, உட்கார்ந்துதான் பார்ப்போம், கிட்டத்திலிருந்து பார்த்தால் குட்டு சீக்கிரம் வெளிப்படும் என்று நினைத்தார். கால்சட்டையை முட்டிக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

அவருக்கும் தங்கைக்கும் நடுவில் ஒரு மண்சட்டியில் கரி கனன்றது. சின்னத்தை முறையை விளக்கினார். அவர் தம் மொழியில் ஒரு பாட்டுப் பாடுவார். பாட்டு நிற்கும்போதெல்லாம் சந்தேகக்காரர் ஓர் இலையை எடுத்துத் தன் சந்தேகம் ஒன்றைச் சத்தமாகச் சொல்லிவிட்டு நெருப்பில் போட வேண்டும். எந்தச் சந்தேகமானாலும் சரி, யாரைப் பற்றியானாலும் சரி. வேறு யாரும் இலையைத் தொடக்கூடாது. நிறுத்து என்று சந்தேகக்காரர் சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார்கள்.

"ஒண்ணே ஒண்ணு. நீங்க சொல்றதுக்கு நானோ இவனோ பதில் சொல்லக்கூடாது. அவ சொல்லலாம். இஷ்டமிருந்தா."

பதில் வராத கேள்வியைக் கேட்டு அண்ணனுக்குப் பழக்கமில்லை. ஆனால் பாட்டு ஆரம்பித்துவிட்டது. பாட்டு என்று சொல்வதே பெரிய வார்த்தை. துணி மடிக்கும்போது தனக்குத்தானே முனகிக்கொள்வது போல ஓர் இழுவை, நடுவில் இரண்டு இருமல். பாட்டு நின்றது. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

அவர் ஓர் இலையை எடுத்தார். இந்த இலையில் மயக்க மருந்து இருக்கிறது என்று சந்தேகப்படுகிறேன் என்றார். போட்டார். புகை வெள்ளையாக எழும்பிச் சாய்ந்து, முதலில் அவர் மூக்குக்குத்தான் வந்தது. கசப்பும் எலுமிச்சை மாதிரி ஒரு கூர்மையும். சின்னத்தை பாட்டைத் தொடர்ந்தார்.

அடுத்த முறை மாத்திரையைச் சொன்னார். அதற்கடுத்து சின்னத்தையைச் சொன்னார்: மருத்துவமனையில் துணி துவைக்கிற சாக்கில், கவலையில் இருக்கிற குடும்பங்களைக் கண்டுபிடித்து உள்ளே நுழைகிறவர் என்று. சொல்லும்போது அந்த அம்மாளின் முகத்தைக் கூர்ந்து கவனித்தார். அவர் சந்தையில் காய் பொறுக்குகிறவர் மாதிரித் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டார். சொல்லச் சொல்ல அண்ணனுக்கு வேகம் வந்தது. மருத்துவரைச் சொன்னார். அழைப்பு மையத்துக்காரர்களைச் சொன்னார். பூங்கொத்தைக்கூட விடவில்லை. தப்பில்லாதவளுக்கு எதற்குப் பூங்கொத்து?

பிறகு மாப்பிள்ளை.

"மாப்பிள்ளை எதையோ மறைக்கிறார்" என்றார் அண்ணன். "போன்ல பேசும்போதெல்லாம், அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு கேட்டா வேற பேச்சுக்குத் தாவறார். அன்னிக்கு அந்தத் தெருவுக்குப் போன ஆம்புலன்ஸ் இவரோடதுதான். அதை எனக்கு இவர் சொல்லல. வேற ஆள் சொல்லித் தெரிஞ்சுகிட்டேன்."

இலை சுருண்டது. ஜன்னலோரம் நின்றிருந்த மாப்பிள்ளை வெளியே எதையோ பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார். பதில் சொல்லக்கூடாது என்ற விதி அவருக்கு எவ்வளவு வசதியாக இருக்கிறது என்று அண்ணனுக்குத் தோன்றியது. அதே நேரம் இன்னொன்றையும் கவனித்தார். தங்கையின் கை காதிலிருந்து இறங்கி மடியில் கிடந்தது. அவள் நெருப்பைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தாள்.

பாட்டு ஓடியது, நின்றது. என் சந்தேகமெல்லாம் முடிந்தது என்றார் அண்ணன்.

"கையில இலை இருக்கே" என்றார் சின்னத்தை.

இருந்தது. எடுத்தது அவருக்கே தெரியவில்லை.

இனிமேல் ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். இலையைத் தாளில் திருப்பி வைத்திருக்கலாம். நிறுத்து என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் அவர் தொழில்முறைச் சந்தேகக்காரர். எரிந்த கடை வாசலில் யார் மற்றவர்களைவிட உடைந்துபோய் உட்கார்ந்திருக்கிறாரோ அவரைத்தான் முதலில் கவனிக்க வேண்டும் என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவர். அப்படி உடைந்தவர் ஒன்று எல்லாவற்றையும் இழந்தவராக இருப்பார், இல்லை தீக்குச்சி கிழித்தவராக இருப்பார். இரண்டு மாதமாக அந்தப் பாடத்தை அவர் மனம் ஒரு முகத்தோடு பொருத்திப் பார்த்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் சீச்சீ என்று அதை அடக்கினார். தங்கை என்பதால் மட்டும் அடக்கினார். வேறு யாராக இருந்தாலும் முதல் நாளே கேட்டிருப்பார்.

"உன்மேலதான்" என்றார். குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. "உன்மேல தப்பில்லன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்குச் சந்தேகமா இருக்கு. அந்தப் பொண்ணுகிட்ட நீ ஏதோ ஒண்ணு சொல்லியிருக்க. சொல்லக்கூடாததை."

மாப்பிள்ளை விருட்டென்று திரும்பினார். வாய் திறந்தது. சின்னத்தை உட்கார்ந்தபடியே ஒரு கையைத் தூக்கினார், பிள்ளைகள் சாலையைக் கடக்கும்போது வண்டியை நிறுத்துவது போல. மாப்பிள்ளை நின்றுவிட்டார்.

இலை நெருப்பில் விழுந்து எரிந்தது. யாரும் பாடவில்லை.

"ஆமா" என்றாள் தங்கை.

துருப்பிடித்த கீலில் கதவைத் திறந்தாற்போல் இருந்தது குரல். தொண்டையைச் செருமிக்கொண்டாள். பிறகு, அழைப்பு மையத்தில் பேசுகிற அந்தச் சமமான, அவசரமில்லாத குரலில் சொல்ல ஆரம்பித்தாள்.

"படியில இறங்கி ஓடிடட்டுமான்னு கேட்டாங்க. புகை இருக்கான்னு கேட்டேன், இருக்குன்னாங்க. கதவைச் சாத்துங்க, ஈரத்துணியை அடியில வைங்க, ஜன்னல்கிட்ட உக்காருங்கன்னேன். அது முறை. அப்படித்தான் சொல்லணும். கொஞ்ச நேரம் கழிச்சுத் திரும்பக் கேட்டாங்க. ஓடிடட்டுமான்னு. நான், வண்டி தெருமுனைக்கு வந்துடுச்சு, அங்கயே இருங்கன்னு சொன்னேன்."

"வந்திருந்துச்சா?"

அண்ணன் கேட்டுவிட்டார். விசாரணைக் கேள்வி, தானாக வந்தது.

"இல்ல. ரயில்வே கேட்ல நின்னுட்டிருந்துச்சு. திரையில எனக்குத் தெரிஞ்சுது. தீயணைப்பு வண்டி, அதுக்குப் பின்னால இவரோட ஆம்புலன்ஸ். ரெண்டு புள்ளியும் நகரவே இல்ல." மாப்பிள்ளையைப் பார்க்காமலே சொன்னாள். "இவருக்கும் தெரியும். கேட்ல நின்னது இவர்தானே. வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை கேட்கல. விசாரணைல அதைப் போட்டுக் கேட்டாங்க அண்ணா. வண்டி வந்துடுச்சுன்னு நான் சொல்றதை. நல்லா தைரியம் கொடுத்திருக்கீங்கன்னு எழுதினாங்க. ஏன் அப்படிச் சொன்னேன்னு ஒருத்தரும் கேட்கல."

மாப்பிள்ளை சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தார். அண்ணன் அவரைப் பார்த்தார். மறைத்ததைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று அவருக்குச் சந்தோஷம் வரவில்லை. அவள் சொன்ன பொய் வெளியே வந்துவிடக்கூடாதென்றுதான் அந்த மனிதர் மறைத்தார் என்பது முகத்திலேயே எழுதியிருந்தது.

"அவங்க சரின்னாங்க" என்றாள் தங்கை. "சரி மேடம், இருக்கேன்னாங்க. நிஜமாவான்னு ஒரு தடவைகூடக் கேட்கல. கேட்டிருந்தா என்னால திரும்பப் பொய் சொல்லியிருக்க முடியாது."

இப்போதுதான் குரல் உடைந்தது. அண்ணனின் உடம்பு முழுக்க முன்னால் சாய்ந்தது. உன்மேல் தப்பில்லை, நல்லதுக்குத்தானே சொன்னாய், விடு என்று எல்லோரும் சொன்னதெல்லாம் அவர் வாய்க்கும் வந்துவிட்டது. சின்னத்தை அவர் முழங்காலில் ஒரு விரலால் தட்டினார்.

"ஆறுதல் சொல்ற இடம் இது இல்ல தம்பி. அதுக்கு ஊரே இருக்கு."

அண்ணன் வாயை மூடிக்கொண்டார். தனக்குத் தெரிந்ததைச் செய்தார். அந்த வீட்டுப் படி உள்பக்கமா, வெளிப்பக்கமா என்று கேட்டார். அந்தப் பெண் இருமினாளா, எப்போதிலிருந்து இருமினாள், கதவைச் சாத்தியபிறகு குரல் மாறியதா என்று கேட்டார். ஜன்னலில் கம்பி இருந்ததா என்று கேட்டார். தங்கை ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். தெரிந்ததைத் தெரியும் என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் சொன்னாள். மூக்கு ஒழுகியது, புறங்கையால் துடைத்துக்கொண்டே சொன்னாள். அண்ணனும் இலையை மறந்துவிட்டார். சட்டியில் கரி சாம்பல் பூத்துக் கிடந்தது. சின்னத்தை எழுந்து கால் மாற்றி நின்று இடுப்பை நீவிக்கொண்டார்.

கடைசியில் அவளே கேட்டாள். "நான் அதைச் சொல்லாம இருந்திருந்தா அவங்க பிழைச்சிருப்பாங்களா? நீ சொல்லு. உனக்குத் தெரியும்."

அவர் யோசித்தார். அவள் இரண்டு மாதமாக இந்தக் கேள்வியைத் தின்றுகொண்டிருந்தாள் என்பது புரிந்தது. பொய் சொல்வது சுலபம். படியில் இறங்கியிருந்தால் பாதியிலேயே விழுந்திருப்பாள் என்று சொல்லலாம், நம்பிவிடுவாள்.

"தெரியல" என்றார். "இறங்கியிருந்தா செத்திருக்கலாம். தப்பிச்சும் இருக்கலாம். அந்த வீட்டை நான் பார்க்கல. பார்த்தா ஓரளவு சொல்லுவேன். பார்த்துட்டு, நீ தாங்குவியோ மாட்டியோன்னு கணக்குப் போடாம, என்ன தெரியுதோ அதைச் சொல்றேன்."

தங்கை தலையாட்டினாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, தள்ளாடி, உள்ளறைக்குள் போனாள். கட்டில் முனகுவது கேட்டது.

சின்னத்தை சட்டியைப் பால்கனிக்குத் தூக்கிப்போய்த் தண்ணீர் ஊற்றினார். இது வேலை செய்ததா என்று அண்ணன் பின்னாலேயே போய்க் கேட்டார். எனக்கென்ன தெரியும், உங்களைத்தானே அதற்கு உட்கார வைத்தோம் என்றார் அவர். இவர் எல்லாவற்றையும் முன்கூட்டியே அறிந்துகொண்டுதான் வந்தாரா, மாப்பிள்ளை சொல்லி வைத்திருந்தாரா என்ற சந்தேகம் அண்ணனுக்குப் புதிதாக முளைத்தது. கேட்டார். இப்போது பதில் சொல்லத் தடையில்லை. சின்னத்தை இல்லை என்றார். ஒரே வார்த்தை, கண் சிமிட்டாமல். அதை நம்புவதா வேண்டாமா என்று அவரால் முடிவுகட்ட முடியவில்லை.

உள்ளறை வாசலில் போய் நின்றார். தங்கை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். இலையில் மயக்க மருந்து என்றால் அதிகம் இழுத்த தனக்குத்தான் முதலில் கண் சொருகியிருக்க வேண்டும். அப்படி ஒன்றுமில்லை. ஒருவேளை தூங்குவதுபோல் பாவனை செய்கிறாளோ? நெடுநேரம் கவனித்தார். வாய் திறந்திருந்தது. தலையணையில் எச்சில் வழிந்தது. கரகரவென்று, மரம் அறுப்பதுபோல் ஒரு குறட்டை. நடிக்கிறவர்கள் இவ்வளவு அசிங்கமாகக் குறட்டை விடமாட்டார்கள்.

பின்னால் மாப்பிள்ளை வந்து நின்றார். அழுதிருந்தார், முகம் கழுவியிருந்தார்.

"துணியெல்லாம் பெட்டில எடுத்து வைக்கட்டுமா மச்சான்? சாயங்காலத்துக்குள்ள போகணும்னீங்களே."

"மெதுவாப் பேசுங்க" என்றார் அண்ணன். "தூங்கறா."

கதவை முக்கால்வாசி சாத்திவிட்டு, கூடத்தில் சோபாவை அதன் இடத்துக்கு நகர்த்த ஒரு முனையைப் பிடித்தார். மாப்பிள்ளை மறுமுனையைப் பிடித்தார். சத்தம் வராமலிருக்க இருவரும் அதைத் தூக்கியே கொண்டுபோய் வைத்தார்கள்.